முதலமைச்சர் கையில் இருப்பது எது?

2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலை நிர்ணயிக்கப்பட்டது. முழு விலையையும் முதலமைச்சரே முடிவு செய்ததாக உழவர்கள் பலர் எண்ணுகின்றனர். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், 2,369 ரூபாய் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை; மாநில அரசு சேர்த்தது 131 ரூபாய் ஊக்கத்தொகை. நூறு ரூபாயில் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான பங்குதான் கோட்டையில் முடிவாயிற்று.

நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்பதும் டில்லியின் விதியே. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழையால் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற பயிர் சாய்ந்தபோது, 22 சதவீதம் வரை அனுமதிக்க வேண்டுமென்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்தியக் குழு வந்து பார்த்துச் சென்ற பிறகு 20 சதவீதம் வரை தளர்வு கிடைத்தது. அதுவரை களத்தில் குவித்த நெல்லைக் கிளறிக் காயவைத்தவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதைச் சொல்வது முதலமைச்சர்களுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைப் பார்த்தால் வேளாண்மை, நீர், நிலம், சந்தைகள் ஆகிய நான்கும் அதில் உள்ளன. உர ஒதுக்கீடும் மானியமும், ஏற்றுமதி இறக்குமதியும் மத்திய அரசிடம் உள்ளன. நீர் மாநிலப் பொருள்தான் என்றாலும், ஆறு இரண்டு மாநிலங்களில் ஓடினால் கதை வேறு. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்க இயலவில்லை. ஆனால் திறந்த நீர் கடைமடை வரை சென்று சேர வாய்க்கால் தூர் வாருவதும், வந்த யூரியாவைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் காலத்தில் பகிர்ந்தளிப்பதும், கொள்முதல் நிலையத்தில் சாக்கும் லாரியும் இருக்கச் செய்வதும் மாநில அரசின் வேலை. இவற்றுக்கு டில்லியைக் கைகாட்ட வழியில்லை.

நான்கிலும் முதலமைச்சரின் கை முழுமையாக நீளக்கூடியது நிலம்தான் என்பது என் கருத்து. நில உச்சவரம்பை 1961-இல் 30 தர ஏக்கர் என்று வைத்ததும், 1970-இல் அதை 15 ஆகக் குறைத்ததும் சென்னையில் இயற்றிய சட்டங்கள். கேரளத்தில் 1970 ஜனவரி முதல் நாள் குத்தகை முறையே ஒழிந்ததும் அந்த மாநிலத்துச் சட்டத்தால்தான். எனினும் இன்று நம் முதலமைச்சர்களை நாம் அளப்பது நிலத்தை வைத்தா? கடன் தள்ளுபடியை வைத்தும், இலவசத்தை வைத்தும் அளக்கிறோம்.

தள்ளுபடி வேண்டாம் என்று நான் கூறவில்லை. வெள்ளத்திலும் வறட்சியிலும் அடிபட்டவனுக்கு அது மூச்சு விட இடம் தரும். ஆனால் 2021 பிப்ரவரியில் அறிவித்த 12,110 கோடி ரூபாய்த் தள்ளுபடி கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் ஏட்டில் பெயர் இருந்தவர்களுக்கு, அதாவது ஏறத்தாழ 16.43 லட்சம் பேருக்கு உரியது. சங்கத்தில் கடன் கிடைக்காமல், நகைக் கடையிலும் நெல் வியாபாரியிடமும் வட்டிக்கு வாங்கிப் பயிர் செய்த குத்தகைதாரருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

அறிவிப்பால் வந்தது அறிவிப்பாலேயே போகவும் கூடும். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் 2001-இல் ஆட்சி மாறியதும் கவனிப்பாரற்றுப் போய், 2006-க்குப் பின்புதான் மீண்டும் உயிர் பெற்றன. பம்பு செட்டுக்கான இலவச மின்சாரம் 2003-இல் நிறுத்தப்பட்டு, 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்ததும் திரும்ப வந்தது. வருவாய்ப் பதிவேட்டில் ஏறிய பெயரை அவ்வளவு எளிதாக யாரும் எடுத்துவிட முடியாது.

இதற்கு மேற்கு வங்காளம் நல்ல சான்று. பங்குச் சாகுபடியாளருக்கு, அங்கே அவர்களை 'பர்கதார்' என்பார்கள், பாதுகாப்பளிக்கும் சட்டம் 1955 முதலே அங்கு இருந்தது. சட்டம் இருந்தும் பதிவு செய்து கொள்ளப் பெரும்பாலோர் துணியவில்லை. மறு பருவம் நிலம் கிடைக்காது என்ற பயம்! 1977-இல் ஜோதி பாசு முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே அலுவலர்களை ஊருக்குள் அனுப்பினார்கள். வயல் வேலை முடிந்த மாலை நேரத்தில் கூட்டம் போட்டு, யார் எந்த நிலத்தை உழுகிறார் என்று பலர் முன்னிலையில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தனியாகத் தாலுகா அலுவலகம் போக அஞ்சியவர் பத்துப் பேரோடு சேர்ந்து உட்கார்ந்தபோது வாய் திறந்தார். இவ்வாறு காலப்போக்கில் சுமார் 14 லட்சம் பேர் பதிவாயினர். சாகுபடிச் செலவைத் தாமே ஏற்கும் பர்கதாருக்கு விளைச்சலில் நான்கில் மூன்று பங்கு என்ற சட்டம் அதன் பிறகுதான் வயலுக்கு வந்தது. அந்த முதலமைச்சர் புதிதாகப் பெரும் பணம் எதையும் பங்கிடவில்லை. அலுவலரின் நடையை மாற்றினார்.

நம்மிடமும் சட்டம் உண்டு. தமிழ்நாடு வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969-ஆம் ஆண்டினது. அதன்படி குத்தகைதாரர் தம் பெயரைப் பதிவு செய்ய வருவாய்த் துறையின் பதிவு அலுவலரிடம் மனுச் செய்யலாம். நடப்பில், வாய்மொழிக் குத்தகையே பெருவழக்காக இருக்கிறது. பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்று வேண்டும். நிலச் சொந்தக்காரர் முகம் சுளித்தால் அந்தச் சான்று வராது; பயிர் அழிந்தால் இழப்பீடு பட்டாதாரர் கணக்குக்குப் போய்ச் சேரும். உழுதவர் கையில் கடன் சீட்டு மட்டும் மிஞ்சும்.

தெலுங்கானாவில் 2018-இல் தொடங்கிய 'ரைத்து பந்து' திட்டம் ஏக்கருக்குப் பருவம் ஒன்றுக்கு 4,000 ரூபாய் தந்தது. நாடே வியந்து பார்த்த திட்டம். பட்டாவில் பெயருள்ளவருக்கு மட்டும் என்று வைத்ததால் குத்தகைதாரர் வெளியே நின்றார். ஆந்திரத்தில் 2019-இல் பதினொரு மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை தரும் சட்டம் கொண்டுவந்தார்கள், நோக்கம் நல்லது. அதற்கும் நிலச் சொந்தக்காரரின் கையொப்பம் வேண்டும் என்பதால், அட்டை யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாக் கனியாகிறது.

நிலச் சொந்தக்காரரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் சிறு வேலை பார்ப்பவரும் ஏழைதான். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று அவர் நடுங்குகிறார். அதற்கு வழியில்லாமல் இல்லை. நிலத்தின் உரிமை ஒரு பதிவிலும், இந்தப் பருவத்தில் சாகுபடி செய்பவர் யார் என்பது வேறொரு பதிவிலும் இருக்கட்டும். கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம், கொள்முதல் ஆகியவற்றுக்கு இரண்டாவது பதிவு போதும் என்று அரசு ஆணையிடலாம். சாகுபடிப் பதிவு நில உரிமைக்குச் சான்றாகாது என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், விலையையும் ஏற்றுமதியையும் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கலாம். குத்தகைதாரர்கள் தனித்தனியே போகாமல் ஊர் வாரியாக, சர்வே எண், பரப்பு, பயிர், எத்தனை ஆண்டுகளாகச் சாகுபடி என்ற விவரங்களோடு ஒரே பட்டியலாகக் கொடுக்க வேண்டும். குத்தகை நெல் அளந்ததற்கு ரசீது இருந்தால் அதன் நகலையும் இணைக்கவும். பட்டியலின் ஒரு படி முதலமைச்சரின் தனிப்பிரிவுக்குப் போகட்டும். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாயினும், எங்கள் ஊர்ப் பட்டியல் எந்தத் தேதிக்குள் பதிவேட்டில் ஏறும் என்று அவரிடம் கேளுங்கள். டில்லியின் அனுமதி அதற்கு வேண்டியதில்லை.