சிப்பாடான்: முக்குளிக்க பெர்மிட், குடியிருக்க? – ஒரு குட்டித்தீவு கிளப்பும் பெரிய கேள்வி

மலேசியாவின் சபா மாநிலக் கரையிலிருந்து சுமார் 15 கடல் மைல் தொலைவில் இருக்கிறது சிப்பாடான். பரப்பளவு வெறும் 0.13 சதுர கிலோமீட்டர். தண்ணீருக்கு மேலே பார்த்தால் மரங்கள் அடர்ந்த ஒரு மணல்திட்டு, அவ்வளவுதான். சங்கதி எல்லாம் தண்ணீருக்குக் கீழேதான். கடலடியிலிருந்து 600 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் எரிமலைக் கூம்பின் உச்சி இது. அதன்மேல் பவளப்பாறை வளர்ந்திருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே தரை காணாமல்போய், பவளச்சுவர் செங்குத்தாகக் கீழே இறங்கும். சுழன்று நீந்தும் பாரக்குடா மீன்கூட்டமும் கூப்பிடு தூரத்தில் மேயும் பச்சை ஆமைகளும் உலகெங்குமிருந்து ஸ்கூபா வீரர்களை இங்கே இழுக்கின்றன.

ஆனால் நினைத்தவுடன் போய் இறங்கிவிட முடியாது. சபா பூங்கா நிர்வாகத்தின் பெர்மிட் வேண்டும். நீண்ட காலம் நாளொன்றுக்கு 120 பேருக்குத்தான் அனுமதி. பிறகு அந்த எண்ணிக்கை கூட்டப்பட்டது. இரவு தங்கவும் முடியாது. தீவில் இருந்த விடுதிகள் அனைத்தும் 2004 இறுதிக்குள் வெளியேற்றப்பட்டன. இப்போது பயணிகள் மாபுல், கப்பாலாய், செம்பூர்ணா போன்ற இடங்களில் தங்கி, படகில் வந்து போகிறார்கள்.

தீவு மலேசியாவுடையது ஆனது எப்படி?

இந்தத் தீவுக்கு இந்தோனேசியாவும் உரிமை கோரியது. வழக்கு ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1891-ம் ஆண்டின் பிரிட்டிஷ் - டச்சு ஒப்பந்தத்தைக் காட்டியது இந்தோனேசியா. சுல்தானிடமிருந்து வழிவழியாக வந்த உரிமை என்றது மலேசியா. இரண்டையுமே நீதிமன்றம் ஏற்கவில்லை. சரி, தீவை யார் நடைமுறையில் நிர்வகித்தார்கள் என்று பார்த்தது.

அங்கேதான் ஆமை முட்டை வந்து கைகொடுத்தது. ஆமை முட்டை சேகரிப்பை முறைப்படுத்த பிரிட்டிஷ் வடக்கு போர்னியோ நிர்வாகம் 1917-ல் சட்டம் போட்டிருந்தது. 1933-ல் சிப்பாடானைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. 1962-ல் அங்கே ஒரு கலங்கரை விளக்கமும் வந்தது. இவற்றை வைத்து, 2002 டிசம்பர் 17 அன்று 16-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு மலேசியாவின் பக்கம் விழுந்தது. சுற்றுலா விடுதிகள் கணக்கிலேயே வரவில்லை. தகராறு தொடங்கிய 1969-க்குப் பிறகு வந்தவை என்பதால்.

தீர்ப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தங்கள் மீனவர்கள் காலங்காலமாக அந்தக் கடலில் மீன்பிடித்து வந்தார்கள் என்றும் இந்தோனேசியா வாதிட்டது. அரசின் அதிகாரத்தின் கீழ் நடக்காத தனிமனிதச் செயல்கள் இறையாண்மைக்குச் சான்றாகாது என்றது நீதிமன்றம். சர்வதேசச் சட்டப்படி சரியான வாதம்தான். ஆனா, இந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் காகிதம் எங்கே இருக்கும்?

பஜாவ் மக்களின் நிலை

செம்பூர்ணா சுற்றுவட்டாரத் தீவுகளில் பஜாவ் லாவுட் மக்கள் வாழ்கிறார்கள். படகே வீடு, கடலே வயல் என்று பல தலைமுறையாக இருப்பவர்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. மூச்சடக்கி முக்குளித்தே மீன் பிடிப்பார்கள். இந்தோனேசியாவில் வாழும் பஜாவ் மக்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வு, அருகில் வாழும் நிலவாழ் சமூகத்தினரைவிட அவர்களின் மண்ணீரல் சுமார் 50 சதவீதம் பெரியது என்று கண்டது. ஆக்சிஜன் ஏறிய ரத்த அணுக்களைச் சேமித்து வைத்து, முக்குளிக்கும்போது வெளியே விடும் உறுப்பு அது.

இவர்களில் பலருக்கு மலேசியக் குடியுரிமை இல்லை. வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியும் எட்டாக்கனி. 2024 ஜூன் தொடக்கத்தில், துன் சக்காரான் கடல் பூங்காவுக்கு உட்பட்ட தீவுகளில் இவர்களின் வீடுகளை அதிகாரிகள் இடித்தார்கள். 138 கட்டுமானங்கள் அகற்றப்பட்டதாக மாநில அரசு சொன்னது. 500-க்கும் மேற்பட்டோர் வீடிழந்ததாகச் செயற்பாட்டாளர்கள் கூறினார்கள்.

பூங்காவுக்குள் அனுமதியின்றிக் கட்டியது, எல்லைப் பாதுகாப்பு என்பவை அரசுத் தரப்புக் காரணங்கள். பாதுகாப்பு அச்சத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2000 ஏப்ரலில் அபு சயாஃப் கும்பல் சிப்பாடானிலிருந்தே 21 பேரைக் கடத்திப்போனது. பயணிகளும் ஊழியர்களும் அதில் இருந்தார்கள். வெடிவைத்து மீன்பிடிப்பதால் இப்பகுதிப் பவளப்பாறைகள் சிதைவதும் உண்மை. அதைத் தடுக்க ரோந்து வேண்டும், வெடிமருந்து எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மூச்சடக்கி மீன் பிடிக்கும் குடும்பத்தின் குடிசையைப் பிரித்துப்போட்டால் வெடி எப்படி நிற்கும்?

ஒரு நாளைக்கு எத்தனை பேர் முக்குளிக்கலாம் என்பதைப் பவளத்தின் தாங்குதிறனைப் பார்த்து முடிவு செய்ய அரசால் முடிகிறது. அதே கடலில் எத்தனை குடும்பங்கள், எந்த இடத்தில், எந்த நிபந்தனையோடு வாழலாம் என்றும் வரையறுக்கலாம். அதற்கு முதலில் அவர்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவு என்றால் குடியுரிமைக் கேள்வி எழும். சபா அரசியலில் வெளியிலிருந்து வந்தவர்கள் பற்றிய சர்ச்சை ஏற்கெனவே கொதிநிலையில் இருப்பதால், யாரும் அதில் கைவைக்கத் தயங்குகிறார்கள்.

அதே பூங்காவிலுள்ள போஹே டுலாங் தீவின் மலையேற்றத்துக்குத் தினமும் படகுகள் போகின்றன. பச்சை நீரில் மரக்கால்கள் மேல் நிற்கும் பஜாவ் குடிசைகளை வழியில் பயணிகள் படமெடுப்பதும் வழக்கம்தான்.