'மாற்றிப் பார்ப்போம்' என்றொரு வைத்தியம்

மன்னார்த் தீவில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழகிய வசனம் ஒன்று உண்டு: "பற்றறியை மாற்றிப் பார்ப்போம்." பற்றறி மாறியும் நோய் தீராவிட்டால், அடுத்த வாரம் ஓல்ற்றநேற்றரை மாற்றிப் பார்ப்பார்கள். அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்மீதுதான் எனக்குக் கோபம். பார்ப்பது முதலில் நடக்க வேண்டியது, மாற்றுவது பிறகு.

1990களில் ஜப்பானில் செய்யப்பட்ட என் கார், கடந்த சோளகக் காலத்தில் ஒரு விளையாட்டுக் காட்டியது. பகலில் குறையொன்றும் இல்லை. இரவில் முன்விளக்குகள் திடீரென மங்கும். சற்று நேரத்தில் தாமாகவே தெளியும். நடுத்தெருவில் கழுதைகள் படுத்துறங்கும் ஊர் இது. பேசாலையிலிருந்து திரும்பிய ஓரிரவு, ஒரு தாய்க் கழுதைமீதும் குட்டிமீதும் மோதாமல் மயிரிழையில் தப்பினோம். பக்கத்தில் மனைவி இருந்தாள். அதன்பின் அதை நான் விளையாட்டென்று சொல்வதில்லை.

இரண்டு கராஜ்கள் ஏறி இறங்கினேன். புதிய பற்றறி ஒன்று, பாவித்த ஓல்ற்றநேற்றர் ஒன்று என்று காசு கரைந்தது. கராஜில் நிறுத்தினால் விளக்கு ஒழுங்காக எரியும். "இப்ப சரிதானே" என்று அனுப்பிவிடுவார்கள்.

தீவுக்கு வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் உப்புக் காற்றுத்தான். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வயர் நுனியில் செம்பு பச்சை பூக்கும். எர்த் வயர் காரின் உடலோடு பூட்டப்பட்ட இடத்தில் துரு படியும். அறுந்த வயரைக் கண்டுபிடிப்பது எளிது. இதுவோ அறாத வயர். குலுக்கத்தில் அந்த மூட்டு ஒட்டும், விலகும். விளக்கைப் போடாமல் மல்ரிமீற்றரை வைத்தால் 12 வோல்ற் காட்டி ஏமாற்றும். மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம். 55 வாற் விளக்குகள் இரண்டும் எரியும்போது ஏறத்தாழ 9 அம்பியர் ஓடும். துருவேறிய மூட்டில் 0.2 ஓம் தடை இருந்தாலே 1.8 வோல்ற் அளவுக்கு அங்கேயே வெப்பமாகத் தொலையும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஓமின் விதி கலைப் பட்டதாரியான எனக்கே விளங்குகிறது.

ஆகவே விளக்கை எரியவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனை பற்றறியின் மறை முனையில். மற்றது விளக்கின் எர்த்தில். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் கள்ளன் அந்த வழியில்தான் இருக்கிறான். அகப்படாவிட்டால் வயர்க் கட்டை அசைத்து, மூட்டுகளில் தண்ணீர் தெளித்து, மறுபடியும் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமேது என்போர் 1990களை மறந்தவர்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கிலே பெற்றோலும் பற்றறியும் அரும்பொருளாகி, பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மாற்றச் சாமான் இல்லை. எனவே பிழையைத் தேடினார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கார்கள் மேலும் பழசாகின. தேடும் பழக்கம் மட்டும் திரும்பவில்லை.

மூன்றாவதாக ஒரு முதியவரிடம் போனேன். காரை இரவுவரை விட்டுவைக்கச் சொன்னார். "வருத்தம் வரேக்கைதானே தம்பி பார்க்கவேணும்." இருட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மீற்றரோடு குனிந்தார். ஒரு மணிநேரத்துக்கு மேலாயிற்று. மட்காட்டின் உட்புறத்தில் ஒரு போல்ற். அதன் கீழே உப்பும் துருவும். சுரண்டி, இறுக்கி, கிறீஸ் பூசினார். புதிதாக எதுவும் போடவில்லை.

அவர் கூலி சொன்னபோது, "ஒரு சாமானும் மாற்றவில்லையே அண்ணை" என்றது என் வாய்தான். பற்றறிக்கும் ஓல்ற்றநேற்றருக்கும் பேரம் பேசாத அதே வாய். இரும்புக்குக் கேட்ட காசைக் கொடுக்கிறோம். தேடிய கண்ணுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. அப்படியிருக்க, எந்த இளைஞன் தேடக் கற்றுக்கொள்வான்? மாற்றிப் பார்க்கும் வைத்தியத்தை கராஜ்காரருக்குப் பழக்கியவர்கள் நாங்களேதான்.

முதியவர் பதில் பேசவில்லை. மீற்றரின் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த சோளகமும் வந்துவிட்டது. விளக்கு இன்னும் மங்கவில்லை.