பாட்டுக்குப் பரிசு, மெட்டுக்கு இல்லை

1968-ஆம் வருஷத்துப் படங்களுக்கு மத்திய சர்க்கார் வழங்கிய தேசிய விருதுகளில் இரண்டு, தமிழ்ப் பாட்டுகளைத் தேடி வந்தன. 'குழந்தைக்காக' படத்துக்குப் பாட்டு எழுதியதற்காகக் கண்ணதாசனுக்கு ஒன்று. 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடியதற்காகப் பி. சுசீலாவுக்கு இன்னொன்று. பாட்டு எழுதுகிறவருக்கும் பின்னணி பாடும் பெண்மணிக்கும் தேசிய விருது என்று ஏற்பட்டதே அந்த வருஷம்தான். முதல் பரிசு இரண்டும் தமிழுக்கே வந்ததில் நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமையில் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டோம். இந்த இரண்டு படங்களுக்கும் சங்கீதம் யாருடையது?

இரண்டும் எம். எஸ். விஸ்வநாதனுடையது. அந்த வருஷத்து இசையமைப்பு விருதோ 'சரஸ்வதிசந்திரா' என்ற ஹிந்திப் படத்துக்காகக் கல்யாண்ஜி-ஆனந்த்ஜிக்குப் போயிற்று.

ஏதோ ஒரு வருஷம் அப்படி நேர்ந்துவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் 1975-ஆம் வருஷத்துக்கான விருதுகளில் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காக வாணி ஜெயராம் சிறந்த பாடகி. படத்துக்குச் சங்கீதம் மறுபடியும் விஸ்வநாதன். விருது மறுபடியும் அவருக்கு இல்லை. 1977-இல் '16 வயதினிலே' படத்துக்காக எஸ். ஜானகி சிறந்த பாடகி. மெட்டுப் போட்ட இளையராஜாவுக்கு இல்லை. இந்த இரண்டு வருஷங்களிலும் விருது பெற்ற பூபேன் ஹஜாரிகாவும் பி. வி. காரந்தும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அவர்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. என் சண்டை தராசு பிடித்தவர்களோடுதான்.

சினிமாப் பாட்டு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டைரக்டர் கட்டத்தைச் சொல்கிறார். ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஒரு மெட்டைப் போடுகிறார். வேண்டாம் என்றால் இன்னொன்று, அதுவும் வேண்டாம் என்றால் வேறொன்று. பெரும்பாலும் அந்த மெட்டின் அளவுக்குத்தான் கவிஞர் வார்த்தைகளைத் தேடுகிறார். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எந்தச் சங்கதியை அடக்கி வாசிக்க வேண்டும், எந்தச் சொல்லில் குரல் கம்ம வேண்டும் என்பதையெல்லாம் பாடகிக்குப் பாடிக் காட்டுகிறவர் அவர். இந்த இடத்தில் வயலின், இந்த இடத்தில் புல்லாங்குழல், இங்கே ஒன்றும் வேண்டாம், மௌனம் போதும் என்று தீர்மானிக்கிறவரும் அவரே. இவ்வளவும் நடந்த பிறகு பாட்டு வெளியே வருகிறது. தேர்வுக் குழுவினர் கேட்டு உருகி, எழுதியவரையும் பாடியவரையும் கூப்பிட்டு மாலை போடுகிறார்கள். கல்யாணச் சாப்பாடு அமிர்தம் என்று பரிமாறினவருக்குச் சால்வை போர்த்திவிட்டு, சமையற்காரரைக் கோட்டை அடுப்பண்டையிலேயே விட்டுவந்த கதை இது. (இந்த உவமை சுசீலாவுக்குக் கொஞ்சம் அநியாயம் செய்கிறது. அந்தக் குரல் வெறும் பரிமாறல் இல்லை. இருந்தாலும் சமையற்காரர் சமையற்காரர்தானே.)

விருது ஒரு படத்தின் மொத்தச் சங்கீதத்துக்குத் தரப்படுவது. ஒரு பாட்டு நன்றாக இருந்தால் போதாது என்று சொல்வார்கள். நியாயமான பேச்சுத்தான். அப்படியானால் எந்தப் படங்களின் மொத்தச் சங்கீதம் இவர்களுக்குப் பிடித்தது என்று பார்த்துவிடுவோம்.

1979 முதல் 1988 வரை பத்து வருஷங்களில் தெற்கத்திப் படங்களுக்கு இசையமைப்பு விருது ஆறு தடவை வந்தது. 'சங்கராபரணம்': கதாநாயகர் சங்கீத வித்வான். 'மேகசந்தேசம்': கவிஞர். தமிழில் 'சலங்கை ஒலி'யாக வந்த 'சாகர சங்கமம்': நாட்டியக்காரர். 'சிந்து பைரவி': கச்சேரி வித்வான். 'ருத்ரவீணை': வித்வானின் பிள்ளை. மீதமுள்ள 'மத்வாசாரியா' ஓர் ஆசாரிய புருஷரின் கதை. அதற்கு இசையமைத்தவரே பாலமுரளி கிருஷ்ணா. ஆறில் ஒன்றுகூட சாதாரண மனிதன் வீட்டுக் கதை இல்லை. 'அன்னக்கிளி' 1976-இல் வந்து பட்டி தொட்டியெல்லாம் ஒலித்ததே, அதன் சங்கீதம் டில்லிக்குக் கேட்கவில்லை. அதே இளையராஜா ஒரு நாட்டியக்காரனின் கதைக்குச் சங்கீதம் செய்த பிறகுதான் முதல் விருது கிடைத்தது. சினிமாச் சங்கீதம் சபா மேடைக்குரிய அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு போனால்தான் உள்ளே விடுவார்கள் போலும். 1967-ஆம் வருஷத்துக்கான முதல் விருதும் 'கந்தன் கருணை'க்காகக் கே. வி. மகாதேவனுக்கு வந்ததுதான். அந்த மகானுக்கு வந்ததில் எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் அதுவும் முருகனுக்கு விழுந்த மாலையில் ஒரு பூவோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ராகத்தைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வந்த 'அபூர்வ ராகங்க'ளுக்கும் விஸ்வநாதனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது மட்டும் இந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை.

இந்த ஆசாரம் நேற்று வந்ததல்ல. 1952-இல் செய்தி ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் மிகுந்த பற்றுள்ளவர். அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய வெளியேற்றப்பட்டது. ஜனங்கள் வாதாடவில்லை, ரேடியோவின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957-இல் விவித் பாரதி என்று ஒன்றை ஆரம்பித்து சர்க்கார் இறங்கிவர வேண்டியதாயிற்று. அதே இலாகாதான் 1954-இல் திரைப்பட விருதுகளைத் தொடங்கியது. படத்துக்குப் பரிசு உண்டு, சங்கீதத்துக்கு இல்லை என்ற நிலை பதின்மூன்று வருஷங்கள் நீடித்தது. அதற்குள் ஜி. ராமநாதன் 1963-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' சங்கீதத்துக்கு 1960-இல் கெய்ரோ நகரத்து ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் பரிசு கொடுத்தார்கள். கெய்ரோவுக்குக் கேட்டது!

இதைத் தமிழனின் மனத்தாங்கல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஹிந்திப் பட உலகத்தையே முப்பது வருஷம் ஆட்டிவைத்த ஆர். டி. பர்மனும் 1994-இல் சாகும்வரை இந்த விருதை வாங்கியதில்லை. அவரும் சபாவுக்குப் போகும் வேஷம் போடாதவர்.

காலம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. 1992-ஆம் வருஷத்துக்கு 'ரோஜா'வில் ஓர் இளைஞரின் முதல் படத்துக்கே விருது கொடுத்தார்கள். அந்தக் கதையில் வித்வானும் இல்லை, நாட்டியக்காரரும் இல்லை. 2009-ஆம் வருஷத்துப் படங்களிலிருந்து பாட்டுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று விருதை இரண்டாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். அதற்குப் பிறகு விஸ்வநாதன் ஆறு வருஷம்போல உயிரோடு இருந்தார். தமிழக அரசு 2012-இல் 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்று பட்டம் கொடுத்தது. மத்திய சர்க்கார் ஒரு பத்ம விருதுகூடக் கொடுக்கவில்லை. 2015 ஜூலை 14-ஆம் தேதி அவர் காலமானார்.

ஜனங்கள் கொடுத்த புகழ் போதாதா, தாமிரத் தகடு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தத் தத்துவத்தைப் பாடகிக்கும் கவிஞருக்கும் ஏன் சொல்லவில்லை? மூன்று பேர் சேர்ந்து இழுத்த தேரில் இரண்டு பேருக்கு மட்டும் பட்டுக் கட்டிவிட்டு, மூன்றாமவரிடம் நிஷ்காம கர்மம் பேசுவது நன்றாக இல்லை.

தேர்வுக் குழுவிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒரு பாட்டை எழுதியவருக்கோ பாடியவருக்கோ விருது தரும்போது, அதற்கு மெட்டமைத்தவருக்கு ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுதிப் பிரசுரிக்கட்டும். பழைய பாக்கியையும் அப்படியே தீர்த்துவிடலாம். 1968-இல் இரண்டு பாட்டு, 1975-இல் ஒன்று, 1977-இல் ஒன்று. எல்லாம் சேர்த்து எட்டு வரி.