தூசு விழுங்கும் பீப்பாய்

ஓசூரில் கைக்கடிகாரம் செய்கிற டைட்டன் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு தூசு உள்ளே புகுந்தால் போதும், கடிகாரம் சண்டித்தனம் செய்யும். அதே மாவட்டத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கிரானைட் அறுக்கும் பட்டறைகள்; மரத்து இலைகூட வெள்ளையடித்தாற்போல நிற்கும். நடுவில் நம் குடித்தனம்! சமையல் மேடைக்குக் கல் அறுக்கிறார்கள், மாடிப்படிக்கு டைல் வெட்டுகிறார்கள். கூலியை வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள்; தூசு நமக்கு.

இதற்காகவே சில வீடுகளில் 'வெட் அண்ட் டிரை' வாக்குவம் கிளீனர் வாங்குகிறார்கள். பீப்பாய்க்குச் சக்கரம் வைத்து, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை மாட்டினாற்போல இருக்கும். "விளக்குமாறு போதாதா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செஸில் பூத் செய்த யந்திரத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! அதைக் குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்கள்.

சாதாரண வாக்குவம் கிளீனரில் தண்ணீரை இழுத்தால் மோட்டார் போயிற்று. பீப்பாய் ரகத்தில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனி வழி. தண்ணீர் நிறைந்ததும் உள்ளே ஒரு மிதவை எழும்பி, இழுப்பதை நிறுத்திவிடும். தண்ணீர் இழுக்குமுன் காகித ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் தூசும் ஈரமும் சேர்ந்து தோசைமாவாகிவிடும். மூன்று முள் பிளக், எர்த் இரண்டும் சரியாக இருக்கட்டும். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடவே கூடாது.

கடைக்காரர் சொல்ல மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. கல் தூசில் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவு ஆபத்தில்லை, தெரியாததுதான் ஆபத்து. கிரானைட்டிலும் டைலிலும் உள்ள சிலிக்கா, 5 மைக்ரானுக்கும் சிறிய துகளாகி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதனால் வரும் சிலிக்கோஸிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. இப்போது நாகரிகமாகியிருக்கும் செயற்கைக் குவார்ட்ஸ் மேடைக் கல்லில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருப்பதுண்டு. கல் வெட்டும் இளைஞர்கள் நோயில் விழுவதைக் கண்டு, 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்த மாதிரிக் கல்லுக்கே தடை போட்டுவிட்டது.

யந்திரத்தோடு வரும் சாதாரண துணிப் பை பெரிய தூசைப் பிடித்துக்கொண்டு, நுண்ணிய தூசைப் பின்பக்கமாக வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். தரை பளிச்சென்று இருக்கும், குழந்தை இருமும். ஆகவே கல் வேலைக்கு 'ஹெப்பா' ஃபில்டர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 சதவீதத்தை அது தடுத்துவிடும். யந்திரமே இல்லாத வீட்டிலும் கல் தூசை உலர்ந்தபடி பெருக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பீப்பாயைக் காலி செய்வது வெளியில், மூக்கை மூடிக்கொண்டு. கொட்டுமுன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டால் பறக்காது.

நாம் இரண்டு நாள் சுவாசிக்கிறதைக் கல் வெட்டும் பையன் தினமும் சுவாசிக்கிறான். "தம்பி, தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டுப்பா" என்று சொல்லுங்கள். நனைந்த தூசு எழும்பாது. வேலை தாமதமாகும், தரையெல்லாம் சேறாகும் என்று மேஸ்திரி முணுமுணுப்பார். சேற்றை அள்ளத்தான் பீப்பாய் இருக்கிறதே!