உயரம் மட்டும் போதுமோ?

ஜீப்பை உயர்த்துறது பிழை எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. கல்லும் சேறுமான பாதையில் அடி தட்டாமல் போக உயரம் வேணும்தான். ஆனால் நீளமான ஸ்பிரிங்கை மட்டும் பூட்டிவிட்டு, வேலை முடிஞ்சுது எண்டு றோட்டில் இறக்குறதைத்தான் எங்களால் ஏற்க முடியேல்லை.

சுசுகி ஜிம்னியை எடுங்கோ. 2018இல் வந்த மொடலிலும் இரண்டு முன்சில்லுகளையும் ஒரே அக்சில்தான் இணைக்கிறது. அந்த அக்சில் இடம்வலமாக அசையாமல் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி இருக்கு. ஒரு முனை செசியில், மறுமுனை அக்சிலில். ஜீப்பின் உடம்பு உயர, கம்பி சரியும், அக்சில் ஒரு பக்கம் இழுபடும். ஸ்ரியரிங் கம்பியும் கூடவே சரியும். இரண்டும் ஒரே சரிவில் இருக்கவேணும். ஒண்டை மட்டும் நேராக்கினால், பள்ளத்தில் விழேக்க நாங்கள் திருப்பாமலே சில்லு திரும்பும்.

அடுத்தது கஸ்டர் கோணம். வளைவு முடிய ஸ்ரியரிங் தானாக நேருக்கு வாறதுக்கு இதுதான் முக்கிய காரணம். உயர்த்தினால் அக்சில் உருண்டு இந்தக் கோணம் குறையும். வேகத்தில் வண்டி அலையும். இதைச் சரிசெய்ய வேற புஷ் போட்டு அக்சிலைத் திருப்பி உருட்டலாம். ஆனால் டிபரென்சலும் அதே அக்சிலில்தானே இருக்கு? அதன் மூக்கு கீழே குனியும், புரொப்பெல்லர் சாப்டின் ஜொயின்ட் கூட மடங்கும்.

மடங்கின ஜொயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். 10 பாகையில் இது ஏறக்குறைய 1.5 சதவீதம், 20 பாகையில் 6 சதவீதம். கோணம் இரட்டிக்க, குலுக்கல் நாலு மடங்கு! சாப்டின் இரண்டு முனையிலும் கோணம் ஒண்டாக இருந்தால் ஒண்டு மற்றதை ஈடுசெய்யும். அக்சிலை உருட்டினால் அந்தச் சமநிலையும் போயிடும்.

ஆகவே கராஜில் "எத்தனை அங்குலம்?" எண்டு கேட்டால் மட்டும் காணாது. "கஸ்டர் எவ்வளவு? கம்பிகள் ஒரே சரிவோ? சாப்ட் என்ன கோணம்?" எண்டும் கேக்கவேணும். பதில் சொல்ல ஏலாத இடத்தில் வண்டியை விடாதேங்கோ.

உயரம் உங்கட ஆசை. ஆனால் ஸ்ரியரிங் பிழைச்சால் எதிரில் சைக்கிளில் வாற பிள்ளையும் அகப்படும். எல்லாத்தையும் சரிசெய்யக் காசு காணாதெண்டால், இரண்டு அங்குலம் குறைச்சு உயர்த்துங்கோ. இல்லையெண்டால் கொம்பனி விட்ட உயரத்திலேயே ஓடுங்கோ.