தரவுத்தளக் காப்பும் மீட்டெடுப்பும்: நாட்டார் வழக்காற்றுத் தரவகங்களை முன்வைத்து

நாட்டார் வழக்காற்றுக் கள ஆய்வுத் தரவுகள் இன்று பெரும்பாலும் எண்ம வடிவிலேயே சேகரிக்கப்படுகின்றன. தேனி மாவட்டம் ராயப்பன்பட்டியில் ஒரு மூதாட்டி பாடும் ஒப்பாரியை ஆய்வாளர் ஒருவர் ஒலிப்பதிவு செய்வதாகக் கொள்வோம். பாடியவரின் மறைவுக்குப் பின் அப்பதிவே அப்பாடலுக்குரிய ஒரே சான்றாகிவிடக்கூடும். அது ஒரே வன்தட்டில் இருப்பின், ஓலைச்சுவடிக்குக் கறையான் இழைத்த தீங்கை வன்தட்டின் பழுது இழைத்துவிடும். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க இயலும். படியில்லாத சுவடிகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

படியெடுத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. எம்முறையில் என்பதே வினா. தரவுகளைக் கட்டளை உரையாக வெளியெழுதும் முறை, மென்பொருளின் பதிப்பு மாறினும் பெரும்பாலும் பயன்படும். ஆயின் தரவு பெருகுந்தோறும் மீட்டெடுக்கும் நேரமும் நீளும். தரவுத்தளக் கோப்புகளை அவ்வாறே நகலெடுக்கும் முறை விரைவானது. எனினும் அது குறிப்பிட்ட பதிப்பைச் சார்ந்து நிற்பது. உடனுக்குடன் இரட்டிக்கும் இணைச்சேவையகம் காப்புப்படி ஆகாது. முதன்மைச் சேவையகத்தில் தவறுதலாக அழித்தது அங்கும் உடனே அழியும்.

கருவிகள் பல இருப்பதும் காப்பாகாது. 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் பணியாளர் ஒருவரால் தவறுதலாக நீக்கப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட படிகள், கருவியின் பதிப்புப் பொருந்தாமையால் எடுக்கப்படாமலே இருந்தமை அப்போதுதான் தெரியவந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த வேறொரு படியே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத் தரவுகள் மீளவில்லை.

எனவே, ‘எவ்வாறு படியெடுப்பது’ என்பதினும் ‘எவ்வாறு மீட்டெடுப்பது’ என்பதே முதல் வினாவாதல் வேண்டும். தமிழ்த்துறைகளின் தரவகங்களுக்கு ஒரு நடைமுறையைப் பரிந்துரைக்கலாம். ஒலிக்கோப்புகளைத் தரவுத்தளத்துக்கு வெளியே வைத்துச் சரிபார்ப்பு எண்களுடன் நகலெடுத்தல் வேண்டும். பாடியவர், ஊர், நாள் முதலிய விவரங்களை ஒருங்குறியில் அமைந்த உரையாக வெளியெழுதல் வேண்டும். ஒரு படியேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, பருவத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் தரவகத்தை மீட்டெடுத்து, அந்த ஒப்பாரி ஒலிக்கிறதா எனக் கேட்டறிதல் வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத படியைக் காப்பு எனக் கொள்வது நம்பிக்கையே அன்றிச் சான்றன்று.