‘ஜெனரேஷன் கேப்’னு சொல்றதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க

29 வயசுல நான் டீம் லீடர் ஆனேன். டீம்ல ஒருத்தருக்கு 52 வயசு. எல்லாருக்கும் அவர் ‘சார்’தான். இன்னொரு பையனுக்கு 23.

சார் புது சாஃப்ட்வேரைத் தொடவே மாட்டேங்கிறார்னு எனக்குக் கோபம். சேர்ந்து எட்டே மாசத்துல பையன் வேற வேலை தேடுறான்னு சாருக்குக் கோபம். எச்.ஆர். ஒரு நாள் டிரெயினிங் போட்டாங்க. ஒண்ணும் மாறல.

என் கருத்து இதுதான்: ஆபீஸ்ல வயசுச் சண்டைன்னு நாம நினைக்கிறதுல பாதி, பணக் கணக்கு.

கிராஜுவிட்டியையே எடுத்துக்கோங்க. நிரந்தர ஊழியர்னா ஒரே நிறுவனத்தில் 5 வருஷம் தொடர்ந்து இருக்கணும். கடைசிச் சம்பளத்தில் முக்கியமா பேசிக், டிஏ-வை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கணும். பேசிக் 52,000, சர்வீஸ் 26 வருஷம்னா 7,80,000 ரூபாய். அந்த இடத்துல இருக்கறவர் ‘ஒரே கம்பெனில இரு’ன்னுதானே சொல்வார்?

பையன் பக்கம் பாருங்க. பேசிக் 26,000-னா, 5 வருஷம் முடிச்சா கிடைக்கிறது 75,000. வேலை மாறி மாசம் 9,000 கூடினா ஒரே வருஷத்துல 1,08,000. அவன் அவசரத்துலயும் நியாயம் இருக்கு.

அதனால ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா உட்கார்ந்து பேசினேன். சாருக்கு சாஃப்ட்வேர் மேல வெறுப்பு இல்ல. சின்னப் பசங்க முன்னாடி தப்பு பண்ணிடுவோமோன்னு பயம். புதன்கிழமை ஒரு மணி நேரம், வேற யாரும் இல்லாம, பையனைச் சொல்லித்தரச் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை பையன், ‘பிஎஃப் பணத்தை எடுத்து பைக் வாங்கப் போறேன் சார்’னான். அவர் சொன்னார்: “எடுக்காதே தம்பி. புதுக் கம்பெனிக்கு மாத்திக்கோ. 5 வருஷ சர்வீஸுக்குள்ள எடுத்தா வரி வரலாம். பென்ஷனுக்கும் 10 வருஷ சர்வீஸ் வேணும்.” எந்த டிரெயினிங்லயும் இதை யாரும் சொல்லித்தரல.

பையன் அடுத்த வருஷம் வேலை மாறிட்டான்; பிஎஃப்-ஐ மாத்திக்கிட்டான். சார் இப்போ ரிப்போர்ட்டைத் தானே எடுக்கிறார்.

நீங்க லீடரோ, புதுசா சேர்ந்தவரோ, பக்கத்து சீட்டுக்காரரோட கணக்கு என்னன்னு கேளுங்க. அவரோட கணக்கையே உங்க கணக்கா எடுத்துக்காதீங்க. ஆனா தெரிஞ்சுக்கோங்க, ஒரு நாள் நமக்கும் 52 வரும்.